அக்காவோடு இத்தாலியில் பத்து நாள்

அந்தப் பயணம் முதலில் அக்காவுக்கென்று பதிந்ததல்ல. எனக்கும் கணவருக்கும் கலியாணமாகி இருபது வருடம் நிறைவதை ஒட்டி, தெற்கு இத்தாலியில் பத்து நாள் சுற்றுலா ஒன்றுக்கு இடம் பிடித்து வைத்திருந்தோம். பதினான்கு பேருக்கு மேல் சேர்க்கமாட்டார்கள். சின்ன பஸ், பழைய மாளிகைகளில் தங்கல், கூடவே வழிகாட்டி. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் யூனியன்வில்லில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் போய் வந்து படம் காட்டிய நாளிலிருந்து எனக்கு அதில் ஆசை. கணவருக்கு அவ்வளவு இல்லை. எனக்காகச் சம்மதித்தார்.

புறப்பட மூன்று கிழமை இருக்கையில் கணவரின் வலது கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. அறுவை செய்து கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை வைத்தார்கள். அது கரையும் வரை விமானம் ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நானும் நிற்கிறேன் என்றேன். கணவர் கேட்கவில்லை. தகப்பனைத் தான் பார்த்துக்கொள்வதாக மகளும் சொன்னாள்.

"நீர் போம். உந்தக் குமிழைப் பாத்துக்கொண்டு ரெண்டு பேரும் வீட்டில இருந்து என்ன செய்யிறது? அக்காவைக் கூட்டிக்கொண்டு போம். மனுசி வேலை, வீடு எண்டு இருந்ததுதானே" என்றார்.

சுற்றுலா நிறுவனத்தார் பெயரை மாற்றித் தந்தார்கள். அப்படித்தான் அக்கா வந்தார்.

அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவர். எங்கள் வீட்டில் முதலில் கனடா வந்தவர் அவர்தான். பிறகு என்னையும் அம்மாவையும் கூப்பிட்டு எடுத்தார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவாக்கும் வேலை. இருபத்தேழு வருடம் அதே ஹோட்டலில் செய்து, அந்த வருடம் பனிக்காலத்தில்தான் ஓய்வு பெற்றிருந்தார். அவர் வேலைக்குப் போனதால்தான் நான் வேலைக்குப் போகாமல் படித்தேன், மருந்தாளர் ஆனேன். இன்று மில்லிக்கனில் ஒரு பிளாசாவுக்குள் எனக்கென்று ஒரு பார்மசி இருக்கிறது. அக்கா மோர்னிங்சைட்டில் ஒரு அப்பார்ட்மென்டில் தனியாக இருக்கிறார். அத்தான் காலமாகிப் பல வருடம். மகன் கல்கரியில்.

நான் சொன்னதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "அங்க குளிருமோ?" என்பதுதான். மே மாதம் குளிராது என்றேன். ஆனாலும் தடித்த கார்டிகன் ஒன்றை மடித்து வைத்தார். நான் அந்தப் பயணத்துக்கென்றே லினன் உடுப்புகள் வாங்கியிருந்தேன். அக்காவுக்கும் வாங்கட்டுமா என்று கேட்டபோது, "என்னட்ட இருக்கு" என்றார். இருந்தது, வேலைக்குப் போட்டுக்கொண்டு போன கறுப்புக் காற்சட்டைகள்.

நேப்பிள்ஸில் முதல் இரண்டு நாள். கடலைப் பார்த்த அறை. முதல் காலையில் நான் கண் விழிக்கும்போது அக்கா குளித்து முடித்துத் தன் கட்டிலை விரித்துக்கொண்டிருந்தார். நான் எழும்பிக் குளியலறைக்குள் போய் வருவதற்குள் என் கட்டிலும் விரித்தாயிற்று, ஒரு சுருக்கம் இல்லாமல்.

"விடுங்கோ அக்கா. அதுக்கு ஆக்கள் இருக்கினம்."

"ஓம், இருக்கினம். ரெண்டு கட்டில் குறைஞ்சா அந்தப் பிள்ளை பத்து நிமிசம் இருந்து தேத்தண்ணி குடிப்பாள்."

பிறகு நான் தலை வாரிக்கொண்டு வெளியே வந்தால் அக்கா நடைபாதையில் நிற்கிறார். துப்புரவு செய்ய வந்த பெண் ஒரு தலைப்பையும் அக்கா மறுதலைப்பையும் பிடித்து, பெரிய வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை மடிக்கிறார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. ஆனால் சிரிப்பு. அந்த நேரம் எதிர் அறைக் கதவு திறந்தது. எங்கள் குழுவில் வந்த ஒரு பெண்மணி, எழுபது வயதிருக்கும், ரொறன்ரோக்காரர், ஓய்வு பெற்ற வழக்கறிஞர். அக்காவையும் விரிப்பையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்துப் போனார். நானும் தலையசைத்தேன்.

அன்றிரவுச் சாப்பாட்டில் மீன் வந்தது. அக்கா கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, மிளகாய்த்தூளைத் தூவினார். பக்கத்திலிருந்த, எங்கள் குழுவில் வந்த ஓக்வில் ஊர்க்காரர் அது என்ன என்று கேட்க, அவருக்கும் கொஞ்சம் போட்டார். மனிதர் இருமி, கண்ணீர் வழிய, இன்னும் கொஞ்சம் கேட்டார். மேசை முழுக்கச் சிரிப்பு. நல்ல சிரிப்புத்தான், யாரும் கேலி செய்யவில்லை. எனக்கு மட்டும் காது சுட்டது. சாப்பாட்டு முடிவில் அக்கா மிஞ்சிய இரண்டு பாண் துண்டுகளைக் கடதாசித் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்தபோது மேசைக்குக் கீழே அவரின் முழங்காலை அழுத்தினேன்.

"என்னடி?" என்றார் அக்கா சத்தமாக.

என் பார்மசிக்கு நாள் முழுக்க வருகிறவர்கள் அக்காவைப் போன்றவர்கள்தான். அங்கே அவர்களின் பேச்சோ பையோ எனக்கு ஒருநாளும் வெட்கம் தந்ததில்லை. அங்கே நான் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதாலோ என்னவோ. இங்கே ஒரே மேசையில், ஒரே மாதிரிக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாம் நாள் மத்தேராவுக்குப் போனோம். மலைச்சரிவைக் குடைந்து, ஒன்றின் கூரைமேல் மற்றொன்றாக வீடுகள். தெரு என்பதே படிகள்தான். பலபேர் நடந்து நடந்து வழுக்கலாகிவிட்ட கற்படிகள். எனக்கு இடது முழங்கால் சரியில்லை. பாதி வழியில் அக்கா எதுவும் சொல்லாமல் என் கைப்பையையும் சால்வையையும் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார், தண்ணீர்ப் போத்தலையும் வாங்கிக்கொண்டார். சின்ன வயதில் என் புத்தகப்பையை வாங்கியதுபோல, கேட்காமலே.

மேலே ஒரு திருப்பத்தில் வழக்கறிஞர் பெண்மணி மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். நானும் நின்றேன். அக்கா எங்களுக்கு இரண்டு மூன்று படி கீழே வந்துகொண்டிருந்தார்.

"உங்களிடம் நிறைய நாளாக இருக்கிறாரா?" என்று பெண்மணி கீழே அக்காவைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் கேட்டார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. "நான் சின்னப்பிள்ளையாக இருந்த நாளிலிருந்தே" என்றேன்.

"இப்படி ஒருவர் கிடைப்பது பெரிய விசயம். இந்த மாதிரிப் பயணத்துக்கு அவரையும் கூட்டி வந்திருக்கிறீர்களே. எல்லாரும் செய்யமாட்டார்கள்."

அப்போது விளங்கிவிட்டது. விளங்கிய பிறகு எனக்கு வேண்டிய அளவு நேரமும் இருந்தது. அவர் என் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இல்லை, அது என் அக்கா" என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். நான் முந்திய இரவின் மிளகாய்த்தூளையும் பாணையும் நினைத்தேன். அதே நாள் காலையில் மடித்த விரிப்பை நினைத்தேன். இந்தப் பெண்மணி என்னை நல்லவளாகப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர் மாதிரித்தான்" என்றேன்.

மாதிரி. அந்த ஒரு சொல்லை நானே போட்டேன். யாரும் என் வாயில் திணிக்கவில்லை.

அக்கா மேலே வந்து சேர்ந்தார். "தண்ணி குடி. முகம் சிவந்துபோய்க் கிடக்கு" என்று போத்தலை நீட்டினார். அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது, காற்றும் இருந்தது. கேட்டிருக்கக் கூடாது என்று நான் விரும்பியதால் அப்படி நினைத்தேன் என்பதே சரி.

அதற்குப் பிறகு அந்தக் கதை தானாக நடந்தது. நான் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. வழக்கறிஞர் மற்றவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அல்பெரோபெல்லோவில், கூம்புக் கூரை போட்ட வெள்ளை வீடுகளுக்கு முன்னால் எல்லோருமாகப் படம் எடுக்க நின்றபோது, ஒருவர் தன் போனை அக்காவிடம் கொடுத்தார். அக்கா வாங்கி, பின்னுக்குப் போய், எங்களை நெருங்கி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டி எடுத்தார். வழிகாட்டி வேறு பக்கம் போயிருந்தாள். பதினான்கு பேர் போன பயணத்தில் அந்தப் படத்தில் பதின்மூன்று பேர். நான் நடுவில் நிற்கிறேன், பல் தெரிய.

இன்னொரு நாள் வெயில் ஏறியதும் வழக்கறிஞர் தன் கோட்டைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தார். மரியாதையாகத்தான் கொடுத்தார், நன்றியும் சொன்னார். அக்கா மத்தியானம் வரை அதைக் கையில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் நடக்காமல் முன்னுக்குப் போனேன்.

ஒலிவ் தோட்டத்துக்கு நடுவில் ஒரு பழைய பண்ணை வீட்டை ஹோட்டலாக்கியிருந்தார்கள். அங்கே மூன்று நாள். ஒரு மத்தியானம் காது வடிவ பாஸ்தா செய்யக் கற்றுத்தந்தார்கள். மாவைத் திரட்டி, துண்டாக வெட்டி, கத்தி முனையால் இழுத்துப் பெருவிரலில் கவிழ்க்கவேண்டும். எங்களுக்கெல்லாம் அது சப்பையாகவோ ஓட்டையாகவோ வந்தது. அக்காவுக்கு மூன்றாவதிலேயே பிடிபட்டது. சொல்லித்தந்த பெண் ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாள். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் கனகாலம் பார்த்ததில்லை. என்னைத் தேடித் திரும்பிப் பார்த்தார்.

"இவர் வீட்டில் சமைப்பதையே நீங்கள் தினமும் சாப்பிடுகிறீர்கள். கொடுத்து வைத்தவர்" என்றார் பக்கத்தில் நின்ற வழக்கறிஞர் என்னிடம்.

நான் மாவைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

அந்த நாட்களில் அக்கா பஸ்ஸில் என் பக்கத்து ஆசனத்தை விட்டு முன்னுக்குப் போய் வழிகாட்டியோடு இருக்கத் தொடங்கினார். முன்னால் இருந்தால் றோட்டு நன்றாகத் தெரிகிறது என்றார். எனக்கு ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது. வழிகாட்டி லெச்சே ஊர்க்காரி, முப்பது வயதுக்குள் இருப்பாள். கடைசிக்கு முதல் நாள் பெட்டிகளை ஏற்றும்போது என்னிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "உங்கள் அக்கா உங்களைப் பற்றி நிறையச் சொன்னார். மருந்தாளராமே" என்றாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெட்டிகளை எண்ணப் போய்விட்டாள்.

லெச்சேயில் கடைசி விருந்து. ஒவ்வொருவரும் எழும்பி இந்தப் பயணத்தில் பிடித்ததைச் சொல்லவேண்டும் என்று ஓக்வில்காரர் ஆரம்பித்துவைத்தார். கடலைச் சொன்னார்கள், வைனைச் சொன்னார்கள். என் முறையில் நானும் எதையோ சொன்னேன். அக்காவிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். வழிகாட்டிதான் அவரைப் பார்த்து, "நீங்கள்?" என்றாள்.

அக்கா எழும்பினார். அவரின் ஆங்கிலம் ஹோட்டலில் பழகிய ஆங்கிலம், சின்னச் சின்ன வசனங்கள், பிழையில்லாதவை.

"நான் இருபத்தேழு வருடம் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கினேன். ஒருநாளும் ஹோட்டலில் படுத்ததில்லை. இப்போது படுத்திருக்கிறேன். அறைகளைத் துப்புரவாக்கிய பெண்களுக்கு நன்றி. என்னைக் கூட்டி வந்த என்ர..."

அங்கே நிறுத்தி என்னைப் பார்த்தார். 'என்ர' என்பது மட்டும் தமிழில் வந்திருந்தது, அங்கிருந்த வேறு யாருக்கும் விளங்கியிருக்காது. அவர் எனக்கு ஒரு இடம் விட்டுத் தந்தார். நான் என் கண்ணாடிக் குவளையைப் பார்த்தேன். அக்கா கொஞ்சம் பொறுத்துவிட்டு, கையால் என்னைக் காட்டி, "இவவுக்கும் நன்றி" என்று முடித்து இருந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். வழக்கறிஞர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் தட்டினார்.

விமானத்தில் அக்கா தூங்கிக்கொண்டு வந்தார்.

ஜூலையில் வழக்கறிஞரிடமிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தது. குழுவில் ரொறன்ரோப் பக்கம் இருந்த நாலைந்து பேரைக் கூப்பிட்டிருந்தார். 'உங்கள் கணவரையும் கூட்டி வாருங்கள்' என்று எழுதியிருந்தது. அக்காவின் பெயர் அதில் இல்லை. கணவரின் கண் சுகமாகியிருந்தது. அவருக்கு அவர்களைப் பார்க்க ஆசை. நான் சாட்டுச் சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை.

நல்ல வீடு, பின்வளவில் மர நிழலில் மேசை. சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் வழக்கறிஞர் கணவரிடம் கேட்டார், "உங்கள் வீட்டில் உதவிக்கு இருக்கிறாரே, அவர் எப்படி இருக்கிறார்? அவருடைய பாஸ்தாவை என்னால் மறக்க முடியவில்லை."

"எங்கள் வீட்டில் உதவிக்கு யாரும் இல்லையே" என்றார் கணவர் சிரித்தபடி. பிறகு, "நீங்கள் சொல்வது இவவின் அக்காவையா?" என்றார்.

மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கறிஞரின் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்துவிட்டது.

"என் கோட்டை அவரிடம் கொடுத்தேன்" என்றார் மெதுவாக. பிறகு என்னிடம், "ஏன் சொல்லவில்லை?" என்றார்.

அதட்டிக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். யாரோ தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு சாப்பிட்டது ஒன்றும் எனக்கு ஞாபகமில்லை.

காரைக் கணவர்தான் ஓட்டினார். நெடுஞ்சாலையில் ஏறி வெகுதூரம் வந்த பிறகுதான் கேட்டார்.

"நீர் அப்பிடிச் சொன்னீரோ? இல்லாட்டி அவவா நினைச்சவவோ?"

"அவதான் நினைச்சவ. நான் திருத்தேல்லை." பிறகு, "குடும்பத்தில ஒரு ஆள் மாதிரி எண்டு சொன்னனான்" என்றேன்.

அடுத்த வெளிவழி தாண்டியதும், "அக்காவுக்குத் தெரியுமோ?" என்றார்.

"தெரியாது எண்டு நினைக்கிறன்."

"இருபத்தேழு வருசம் ஹோட்டலில வேலை செய்த மனுசி. அவவை ஆள் எண்டு பாராமல் முன்னால நிண்டு கதைச்ச எத்தினை பேரைக் கண்டிருப்பா. அவவுக்குத் தெரியாமல் இருக்குமோ?"

இரண்டு நாளில் வழக்கறிஞர் என்னிடம் அக்காவின் தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுதினார். அனுப்பினேன். அவர் அன்றே அக்காவை அழைத்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நான் போக மூன்று கிழமை எடுத்தது. பார்மசியில் ஆள் இல்லை, மகளுக்குச் சுகமில்லை என்று ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு ஒரு காரணம் இருந்தது.

நான் போனபோது அக்கா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எதிரே இருந்து நானும் சிலதை எடுத்து நார் உரித்தேன். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், "அந்த மனுசி போன் எடுத்தவவாம்" என்றேன்.

"ஓம். அழுதா. நல்ல மனுசி. அவவில பிழையில்லை எண்டு சொன்னன்."

"அக்கா, நான்..."

"எனக்கு அண்டைக்கே கேட்டது" என்றார், கத்தியை நிறுத்தாமல். "படியில. மணி அடிச்சாலும் கேட்டது."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"அவவுக்கு நான் சொல்லியிருக்கலாம். எனக்கும் இங்கிலிஸ் தெரியும்தானே. அந்த வழிகாட்டிப் பிள்ளைக்குச் சொன்னனான்." நறுக்கியதைக் கையால் ஒதுக்கினார். "நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். இண்டைக்குச் சொல்லுவாய், நாளைக்குச் சொல்லுவாய் எண்டு. ஏழு நாளும் பாத்தனான். கடைசிச் சாப்பாட்டிலயும் பாத்தனான்."

நான் அழுதேன். அக்கா அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. எழும்பிப் போய்க் கேத்தலைப் போட்டார்.

"என்னில என்னடி வெக்கம் உனக்கு?" என்று அடுப்பைப் பார்த்தபடி கேட்டார். "நான் களவெடுத்தனானோ?"

"உங்களில இல்லை, அக்கா."

"அப்ப ஆரில?"

தேத்தண்ணீரைக் குடித்தோம். போகும்போது எப்போதும்போல ஒரு பெட்டியில் கறி கட்டித் தந்தார்.

நாங்கள் பேசாமல் விடவில்லை. அக்கா அழைப்புக்குப் பதில் சொல்கிறார், மாதத்தில் ஒருநாள் வீட்டுக்கு வருகிறார், மகளோடு சிரிக்கிறார். வெளியில் பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வழக்கறிஞரும் அக்காவும் இரண்டு தரம் வெளியே சாப்பிடப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் அக்கா சொல்லவில்லை, வழக்கறிஞர் அனுப்பிய கடிதத்திலிருந்து தெரிந்தது.

இந்த வருடம் கோடையில் அக்காவும் அவரோடு வேலை செய்த பெண்களும் சேர்ந்து பஸ் பிடித்துக் கியூபெக்கில் உள்ள மாதா கோயிலுக்குப் போனார்கள். இரண்டு நாள் பயணம். கேள்விப்பட்டதும் நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"பஸ்ஸில இடமில்லை" என்றார் அக்கா. குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

புறப்படும் காலையில் நான்தான் அவரைக் காரில் கொண்டுபோய் விட்டேன். ஒரு பிளாசா வாசலில் பஸ் நின்றது. பெண்கள் அவரைக் கண்டதும் யன்னலால் கையைக் காட்டிக் கூப்பிட்டார்கள். அக்கா ஏறிப் போய் நடுவில் ஒரு இடத்தில் இருந்தார். பின் வரிசைகளில் நாலைந்து ஆசனம் வெறுமையாக இருந்ததை நான் வெளியில் நின்று பார்த்தேன். நான் பார்த்ததை அக்காவும் பார்த்தார். பஸ் றோட்டுக்கு இறங்கியதும் நான் பார்மசியைத் திறக்கப் போனேன்.